ஒற்றைக் கட்டையும் ஒரு கிண்ணமும்: போலிங் லீக் பற்றி வாசகர் கேள்விகள்

கனடாவில், ஸ்காபரோவில் நான் பன்னிரண்டு வருடம் விளையாடிய வியாழக்கிழமை போலிங் லீக்கைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில்தான் எனக்கு ஒரு சேதி தெரியவந்தது. வட்டக்கச்சிப் பக்கம் நெல் காயவிடும் சீமெந்துத் தளத்தில், மண் போட்ட தண்ணீர்ப் போத்தல் பத்தை நிறுத்தி, பழைய வலைப்பந்தை உருட்டி, ஆறு ரீம் சேர்ந்து லீக் நடத்துகிறார்களாம். நான் இருக்கும் வாய்க்கால் கரையில் இருந்து சைக்கிளில் போனால் அரை மணித்தியாலம். இவ்வளவு கிட்ட நடப்பது தெரியாமல் இருந்துவிட்டேனே என்று அன்றிரவு நித்திரை வரவில்லை.

பந்தை உருட்டி விழுத்துவதற்கு நிறுத்திவைக்கும் 'பின்' என்பதை ஸ்காபரோவில் எங்கள் பெடியள் 'கட்டை' என்றுதான் சொன்னார்கள். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

தர்மபுரம் வாசகர்: எங்கட ரீமில கூடுதலா ஸ்ரைக் அடிக்கிறது நான்தான். ஆனா ஏழு கிழமை முடிய நாங்கள் மூன்றாமிடம். முதலிடத்தில நிக்கிற ரீமில ஸ்ரைக் அடிக்கிற ஆளே இல்லை. எப்பிடி அண்ணை?

ஸ்கோர் கொப்பியை எடுத்து, இரண்டாவது பந்துகளை மட்டும் பாருங்கள் தம்பி. உங்கள் கிண்ணம் அங்கேதான் போயிருக்கிறது.

கணக்கைத் தெரியாதவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒரு ஆட்டத்தில் பத்து முறை, முறைக்கு இரண்டு பந்து. முதற்பந்திலேயே பத்துக் கட்டையும் விழுந்தால் ஸ்ரைக்; பத்தோடு அடுத்த இரண்டு பந்திலும் விழுவது சேரும். இரண்டு பந்தில் பத்தும் விழுந்தால் ஸ்பெயர். பத்தோடு அடுத்த ஒரு பந்தில் விழுவது சேரும். தொடர்ந்து பன்னிரண்டு ஸ்ரைக் என்றால் 300. அதற்கு மேல் கிடையாது.

இனி இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பத்து முறையும் முதற்பந்தில் ஒன்பது விழுத்துகிறார், மிஞ்சிய ஒன்றைத் தவறவிடுகிறார். அவருக்கு 90. மற்றவரும் அதே ஒன்பதுதான். ஆனால் மிஞ்சிய ஒன்றை ஒவ்வொரு முறையும் எடுக்கிறார், கடைசியில் கிடைக்கும் மேலதிகப் பந்திலும் ஒன்பது. அவருக்கு 190. ஒரு ஸ்ரைக்கும் இல்லை. பத்தே பத்து ஒற்றைக் கட்டை, நூறு புள்ளி வித்தியாசம்.

ஸ்ரைக் முழுக்க உங்கள் கையில் இல்லை என்பதையும் யோசியுங்கள். வலக்கைக்காரர் ஒருவர் உருட்டும் அச்சொட்டான ஸ்ரைக்கில் பந்து நேரே தொடுவது நாலு கட்டையை: இலக்கம் 1, 3, 5, 9. மற்ற ஆறும் ஒன்றை ஒன்று தட்டித்தான் விழவேண்டும். ஒரு நாள் தட்டும், ஒரு நாள் தட்டாது. தனியாக நிற்கும் ஒற்றைக் கட்டை அப்படியில்லை. அதற்கும் உங்களுக்கும் நடுவில் ஒருவருமில்லை.

இதை நான் கொப்பி பார்த்துச் சொல்லவில்லை. 2012 சித்திரையில், முப்பது கிழமை விளையாடி முடித்து, கடைசி இரவு, கடைசி ஆட்டம், பத்தாவது முறை. எங்கள் ரீமில் கடைசியாக உருட்டுபவன் நான். முதற்பந்து நல்லாகத்தான் போனது. ஒன்பது விழுந்தது. வலப்பக்கப் பின்மூலையில் பத்தாம் இலக்கக் கட்டை மட்டும் நின்றது. பக்கத்துக் கட்டை ஒன்று உருண்டுவந்து அதன் அடியைத் தொட்டுவிட்டுப் போனது. கட்டை ஆடியது, விழவில்லை. அந்த மூலைக் கட்டைக்கு வலக்கைக்காரர் இடப்பக்கம் போய் நின்று, தளத்தைக் குறுக்கே வெட்டி உருட்டவேண்டும். அது எனக்குத் தெரியும், பன்னிரண்டு வருடம் தெரிந்த விசயம். ஆனால் அன்று அவசரப்பட்டேன், தளத்தில் பதித்த பலகைகளில் இரண்டு குறைவாக நகர்ந்துவிட்டேன். பந்து கட்டையைத் தாண்டும்போது இடையில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. நாங்கள் தோற்றது நாலு கட்டையால். அந்த ஒன்று விழுந்து, அதற்குக் கிடைக்கும் மேலதிகப் பந்தில் வெறும் நாலு விழுந்திருந்தாலும் கிண்ணம் எங்களுக்கு.

ஆகவே தம்பி, பயிற்சிக்கு வரும்போது பத்துப் போத்தலையும் அடுக்காதேயுங்கள். ஒன்றை மட்டும் பின்மூலையில் வையுங்கள். ஒரு பின்னேரத்துக்கு ஐம்பது பந்து அதற்கே உருட்டுங்கள்.

விசுவமடு வாசகி: எங்கட ரீமில ரெண்டு பேர் பொம்பிளைப் பிள்ளையள். ஹண்டிகப் போட்டுப் போன கிழமை வெண்டம். "பிச்சைப் புள்ளியில வெண்டவை" எண்டு ஆம்பிளையள் சொல்லுகினம். சரியான கவலையாக் கிடக்கு அண்ணா.

தங்கச்சி, அது பிச்சையே இல்லை. கவலைப்படாமல் அடுத்த கிழமையும் போய் வெல்லுங்கள்.

ஹண்டிகப் என்பது சராசரி குறைந்தவருக்கு மேலதிகப் புள்ளி கொடுக்க, லீக் தொடங்கும்போது எல்லோரும் கையெழுத்து வைத்து ஒத்துக்கொண்ட கணக்கு. எங்கள் லீக்கில் 210ஐ அடியாக வைத்தோம். 210இல் இருந்து ஒருவருடைய சராசரியைக் கழித்து, வருவதில் நூற்றுக்குத் தொண்ணூறு அவருக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் சேரும். சராசரி 130 என்றால் வித்தியாசம் 80, ஹண்டிகப் 72. சராசரி 180 என்றால் வித்தியாசம் 30, ஹண்டிகப் 27. இனி 130காரி ஒரு நாள் 141 போட்டால் 213. 180காரர் 183 போட்டால் 210. வென்றது அவள். ஏனென்றால் அவள் தன் வழக்கத்தைவிடப் பதினொன்று கூடப் போட்டாள், அவர் மூன்றுதான் கூடப் போட்டார்.

அந்த ஆண்களுக்கு இன்னொன்றையும் காட்டுங்கள். நூற்றுக்கு நூறு கொடுக்கவில்லை, தொண்ணூறுதான். இருவரும் தத்தம் சராசரியையே போட்டால் 130க்கு 202, 180க்கு 207. ஐந்து புள்ளி இன்னமும் கெட்டிக்காரர் பக்கம்தான். நீங்கள் அந்த ஐந்தையும் தாண்டித்தான் வென்றிருக்கிறீர்கள்.

ஸ்காபரோவில் தொழிற்சாலை வாசல் கூட்டுகிற அம்மாவும், மெசின் திருத்துகிற இளந்தாரியும் ஒரே தளத்தில், ஒரே கிண்ணத்துக்கு நின்றது இந்தக் கணக்காலேதான். இது இல்லாவிட்டால் முதல் மூன்று கிழமையிலேயே யாருக்குக் கிண்ணம் என்று தெரிந்துவிடும். மற்றவர்கள் பிறகு எதற்கு வருவார்கள்?

ஸ்காபரோவிலிருந்து, மல்லாவியைச் சொந்த இடமாகக் கொண்ட வாசகர்: முதல் இரண்டு ஆட்டமும் நல்லாப் போகுது. மூன்றாவதில் பந்து சொல்லுக் கேக்குதில்லை. களைப்போ?

களைப்பும் இருக்கலாம். ஆனால் முதலில் எண்ணெயைச் சந்தேகப்படுங்கள். நின்று உருட்டுகிற கோட்டில் இருந்து முதற்கட்டை வரை 60 அடி. அதில் முன்பக்கம் ஏறக்குறைய 40 அடிக்கு எண்ணெய் பூசியிருக்கும், நடுவில் தடிப்பாக, கரையில் மெல்லிசாக. பின்பக்கம் காய்ந்தது. எண்ணெயில் பந்து வழுக்கும், காய்ந்த இடத்தில் பிடித்துத் திரும்பும். எட்டுப் பேர் இரண்டு ஆட்டம் உருட்ட, பந்துகள் எண்ணெயை வழித்துக்கொண்டு போய்விடும். பந்து நேரத்தோடே திரும்பத் தொடங்கும். நீங்கள் வலக்கை என்றால் காலை இரண்டு மூன்று பலகை இடப்பக்கம் நகர்த்துங்கள். கட்டையைப் பார்க்காமல், தளத்தில் இருக்கும் ஏழு அம்புக்குறிகளில் உங்களுடையதைப் பாருங்கள்.

எங்கள் சீமெந்துத் தளத்தில் எண்ணெய் இல்லை, ஆனால் அங்கேயும் கதை இதுதான். நெல் எடுத்த தளத்தில் உமித் தூசி கிடக்கும். முதல் ஆட்டத்தில் பந்து அதில் வழுக்கும், போகப்போகப் பந்து போகிற பாதை துடைபட்டுவிடும். சோளகம் அடித்தால் கேட்கவேண்டாம். வலைப்பந்து பாரமில்லாதது, காற்று அதைத் தள்ளும். ஆட்டத்துக்கு முன் ஒரே ஆள், ஒரே தும்புத்தடியால், முழுத்தளத்தையும் கூட்டட்டும்.

மாங்குளம் வாசகி: நான் முன்பள்ளி ஆசிரியை. சின்னப் பிள்ளையளுக்கு ஒரு குட்டி லீக் வைக்க ஆசை. பத்துப் போத்தல் அடுக்கவே நேரம் போயிடும். வேற வழி இருக்கோ?

இருக்கு ரீச்சர். கனடாவிலேயே இருக்கு. 1909 அளவில் ரொறன்ரோவில் தோமஸ் றயன் என்பவர், பத்துக்கட்டைப் பந்து பாரம் என்று ஆட்கள் முறைப்பட்டதால், ஐந்து கட்டை விளையாட்டைக் கண்டுபிடித்தார். பந்தில் துளை இல்லை, உள்ளங்கைக்குள் அடங்கும். ஐந்து கட்டையும் V வடிவில் நிற்கும். இப்போதுள்ள முறையில் நடுக்கட்டைக்கு 5 புள்ளி, அதன் இரு பக்கமும் 3, 3, கரைக்கு 2, 2. மொத்தம் 15. முறைக்கு மூன்று பந்து. முழு ஆட்டத்தின் உச்சம் 450.

பிள்ளைகளுக்கு ஐந்து அரை லீற்றர்ப் போத்தல் போதும், நாலு விரற்கடை மண். போத்தலில் இலக்கத்தை எழுதி ஒட்டினால் கூட்டற்கணக்கும் படிப்பார்கள். மூன்றாவது பந்து இருப்பதால் எந்தப் பிள்ளையும் வெறுங்கையோடு திரும்பாது.

புதுக்குடியிருப்பு வாசகர்: ஐயா, குறை நினைக்க வேண்டாம். இவ்வளவு இழந்த ஊரில், இந்தப் போத்தல் உருட்டுற விளையாட்டுக்குக் கிண்ணம், சராசரி, சண்டை எல்லாம் தேவையோ? பொழுதுபோக்கு என்றால் பொழுதுபோக்காய் இருக்கட்டுமே.

குறை நினைக்கவில்லை ஐயா. உங்களுடைய கடிதத்தைத்தான் நான் மூன்று தரம் வாசித்தேன்.

2009 சித்திரையும் வைகாசியும் நான் லீக்குக்குப் போகவில்லை. எங்கள் சனம் எல்லாம் ரொறன்ரோ றோட்டில் நின்றது. வைகாசி 10ஆம் திகதி, போரை நிறுத்தச் சொல்லி கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி நின்ற ஆயிரக்கணக்கான பேரில் நானும் ஒருவன். என் தமக்கை குடும்பம் அப்போது உங்கள் பக்கம்தான், எங்கே என்று தெரியாது. பந்து உருட்டுகிற மனம் யாருக்கு வரும்?

எங்கள் லீக்கில் ஒரு விதி உண்டு. வராதவருடைய பெயரை அடிக்காமல், அவருடைய சராசரியில் பத்தைக் குறைத்து அந்தப் புள்ளியைப் போடலாம். மாற்று ஆள் போட்டிருந்தால் எங்கள் ரீமுக்குக் கூடுதல் புள்ளி வந்திருக்கும். கிண்ணத்துக்கு இரண்டாமிடத்தில் நின்ற நேரம் அது. ஆனாலும் என் ரீம்காரர் மாற்று ஆள் போடவில்லை. சீசன் முடிந்தும் அந்தக் கிழமைகளின் புள்ளித் தாளை வைத்திருந்து, ஆடியில் நான் வேலைக்குத் திரும்பிய அன்று சாப்பாட்டு மேசையில் தந்தார்கள். ஐந்து கிழமை, கிழமைக்கு மூன்று பெட்டி, என் பெயருக்கு நேரே 148, 148, 148. ஐந்தாவது கிழமை யாரோ பேனையால் என் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். ஒரு வசனமும் எழுதவில்லை.

அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. கணக்கும் சராசரியும் வேண்டாம், சும்மா உருட்டிவிட்டுப் போவோம் என்று இருந்திருந்தால் அப்படி ஒரு தாளே இருந்திருக்காது ஐயா. வட்டக்கச்சிப் பிள்ளைகள் கிழமைக்குக் கிழமை ஒருவரை ஒருவர் எதிர்பார்த்து நிற்கிறார்கள், வராதவனை ஏன் வரவில்லை என்று வீடு தேடிப்போய்க் கேட்கிறார்கள். கிண்ணம் என்று ஒன்று இருப்பதால் நடக்கிற காரியம் இது. சண்டை பிடித்தால் பிடிக்கட்டும். பிறகு நான் வந்து தீர்க்கிறேன்.

பெயர் குறிப்பிட விரும்பாத வாசகர்: எங்கட ரீம் எப்பிடியும் இறுதிக்குப் போகும். அதுக்கு முதல் ரெண்டு மூண்டு கிழமை வேணுமெண்டு குறைச்சுப் போட்டால் ஹண்டிகப் கூடும் எண்டு கப்டன் சொல்லுறார். விதியில இதுக்குத் தடை இல்லைத்தானே?

இருக்கிறது. வேண்டுமென்று சராசரியைக் குறைத்து வைப்பது அமெரிக்க, கனடிய லீக்குகளில் நேர்மையற்ற ஆட்டம், ஆளையே விலக்கிவைப்பார்கள். உங்கள் கொப்பியில் அந்த விதி இல்லையென்றால் இன்றைக்கே எழுதுங்கள்.

ஆனால் உங்களுக்கு விதி தேவையில்லை. என் கதையைச் சொல்லுகிறேன். 2007. முதற்பாதியை நாங்கள் வென்று இறுதிக்குத் தெரிவாகிவிட்டோம். இரண்டாம் பாதியில் எங்களுக்கு இழக்க ஒன்றுமில்லை. எங்கள் ரீமில் ஒருவருக்குச் சராசரி 176. கடைசிக் கிழமைகளில் அது இறங்கத் தொடங்கியது. கை நோ என்றார். ஒரு வியாழன் நான் அவருக்குப் பின்னால் நின்றேன். ஒற்றைக் கட்டை, அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடியது. உருட்டினார். பந்து பாதித் தூரம் போகவில்லை, அவர் திரும்பிக் கதிரைக்கு நடந்துவிட்டார். கட்டை வேண்டும் என்று உருட்டுகிறவன் பந்து போய்ச் சேரும்வரை கண்ணை எடுக்கமாட்டான். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

நான்தான் கப்டன். வாய் திறக்கவில்லை.

சராசரி 168க்கு வந்தது. ஹண்டிகப் 30இல் இருந்து 37 ஆனது. ஆட்டத்துக்கு ஏழு, மூன்று ஆட்டத்துக்கு 21. இறுதியில் நாங்கள் வென்றது 13 கட்டையால். எதிர் ரீமின் கப்டன் ஒரு பிலிப்பைன்ஸ்காரப் பெண். 121 சராசரிக்காரி, அன்று கடைசி ஆட்டத்தில் 150 போட்டிருந்தா. வந்து என் கையைப் பிடித்து, நல்லா விளையாடினீர்கள் என்றா. நான் கையை எடுத்துவிட்டு நிலத்தைப் பார்த்தேன்.

அவவுக்கு உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று வருடம் எடுத்தது. அந்தக் கிண்ணத்தை அவவிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டா, ஒன்றும் சொல்லவில்லை. 2016இல் நான் ஊருக்குக் கொண்டுவந்தது 2012இன் இரண்டாமிடக் கிண்ணத்தை, அந்த மூலைக் கட்டையைத் தவறவிட்டு வாங்கியதை. அது அலுமாரியில் இருக்கிறது. வீட்டுக்கு வருபவர்களுக்குக் காட்டுவேன்.

உங்கள் கப்டனிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். இறுதிவரை பொறுக்காதேயுங்கள்.

வட்டக்கச்சி வாசகர் (லீக் செயலாளர்): கடைசிக் கிழமை ரெண்டு ரீம் சமபுள்ளியில முடிஞ்சால் என்ன செய்யிறது? ஒரு ரீம் காசு சுண்டச் சொல்லுது. மற்ற ரீம் மொத்தப் போத்தல் கணக்கைப் பாக்கச் சொல்லுது. போத்தல் இடைவெளியிலயும் பிரச்சினை கிடக்கு.

காசு சுண்டவேண்டாம். மொத்தக் கணக்கிலும் முடிக்கவேண்டாம், மழையில் குழம்பிய கிழமைகளும் அதற்குள் இருக்கின்றன. ஒரு பின்னேரம் ஒதுக்கி இரண்டு ரீமும் மூன்று ஆட்டம் உருட்டட்டும். ஹண்டிகப் இன்றைய திகதியில் உள்ள சராசரிப்படி, இனி மாற்றமில்லை. அதிலும் சமம் வந்தால் ஒன்பதாம், பத்தாம் முறைகளை மட்டும் திரும்ப உருட்டுங்கள். இதை இப்போதே எழுதிக் கப்டன்மார் ஆறு பேரிடமும் ஒப்பம் வாங்குங்கள். 1895இல் நியூயோர்க்கில் அமெரிக்க போலிங் காங்கிரஸ் தொடங்கும்வரை அங்கேயும் ஊருக்கு ஒரு விதி, ஊருக்கு ஒரு சண்டைதான். நீங்கள் முதல் சீசனிலேயே எழுதிவைக்கப் போகிறீர்கள்.

இடைவெளி: கட்டை நடுவில் இருந்து அடுத்த கட்டை நடுவுக்கு 12 அங்குலம். வலைப்பந்தின் சுற்றளவு 27இல் இருந்து 28 அங்குலம், போலிங் பந்து ஏறக்குறைய 27. பந்து சரிசமன் என்றபடியால் அதே 12 அங்குலம் உங்களுக்கும் சரிவரும். ஆனால் போத்தல் கட்டையைவிட ஒடுக்கம். ஒன்று விழுந்து மற்றதைத் தட்டாது போனால் 11க்குக் குறையுங்கள். ஒரு தகட்டில் பத்து வட்டம் வெட்டி, தளத்தில் வைத்துப் பெயின்றால் அடித்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அளக்கத் தேவையில்லை.

வற்றாப்பளை அம்மன் பொங்கல் திங்கட்கிழமையில் மட்டும் வைக்காதேயுங்கள், பாதிப்பேர் அங்கே நிற்பார்கள். சிறுபோக நெல் தளத்துக்கு வரமுதல் முடித்துவிடவும் வேண்டும். திகதி போட்டதும் எனக்குச் சொல்லுங்கள். வெயில் தணிய, நாலரைக்கே வருகிறேன். அளவுநாடாவும் வட்டம் வெட்டிய தகடும் என் பொறுப்பு.